தனசிங்கின் ரிவால்வர்

மீன் வாங்கிக்கொண்டு பேபி திரும்பி வந்தபோது, கம்பிக் கதவில் அவள் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியேதான் தொங்கியது. அதைத் திறந்து உள்ளே போனால் மரக்கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. ஒரு வருஷமாகத் தனசிங் தாழ்ப்பாள் பக்கம் கையைக் கொண்டுபோனதில்லை. அது எதற்கு என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"என்னங்க, கதவத் திறங்க. நான்தான்."

உள்ளே டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேபி சன்னல் பக்கம் போய், கம்பி வழியாகக் கையை விட்டுத் திரையை விலக்கினாள்.

ஹால் நடுவில் அவள் புருஷன் நின்றிருந்தார். வெள்ளை பனியன், வேட்டி, தலையில் ரயில்வே டீமின் பழைய நீலத் தொப்பி. வலது கை தொடையை ஒட்டித் தொங்கியது. கையில் ரிவால்வர். குழல் தரையைப் பார்த்திருந்தது, நாற்பது வருஷம் துப்பாக்கி பிடித்தவர் பிடிக்கிற மாதிரி.

"யாரும்மா நீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார்.

"பேபிங்க."

"பேபி உள்ள குளிச்சிட்டிருக்கா. நீங்க யாரு?"

"நான்தாங்க பேபி. இங்க பாருங்க, மீன் வாங்கிட்டு வந்திருக்கேன். உங்களுக்குப் பிடிக்குமே, சங்கரா."

அவர் தலையைச் சாய்த்து அவளை உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து நின்றது. வந்த மாதிரியே போய்விட்டது.

"என் துப்பாக்கிய எடுத்துட்டுப் போனது நீங்கதானே? மறுபடி எதுக்கு வந்தீங்க?"

தரையைப் பார்த்த குழல் கொஞ்சம் மேலே எழும்பியது. பேபி சன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. சங்கிலி இல்லை. காலையில் குளிக்கும்போது குளியலறை ஆணியில் மாட்டியது, மாட்டினபடியே இருக்கிறது. சிலுவையோடு சேர்த்து, துப்பாக்கி வைத்திருந்த லாக்கரின் சாவியும் அதில்தான் கோர்த்திருந்தது.

அந்த ரிவால்வர் பிரான்சில் செய்தது. மனுரின் என்று பெயர். போட்டிக்கென்றே செய்தது; குழல் அளவு முப்பத்திரண்டு போர். தேசியப் போட்டிகளில் பேர் வாங்கியவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வரவழைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ரயில்வேயில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மனை வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். தனசிங் இதை வாங்கினார். மீனம்பாக்கம் கார்கோவில் நாள்கணக்காகக் காத்துக் கிடந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்த அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி, ரேஷ்மா பிறந்தபோதுகூடச் சிரித்ததில்லை என்று பேபி மகளிடமே சொல்லியிருக்கிறாள்.

"இத ஒரு ஆள் உக்காந்து கையாலயே தேச்சு தேச்சு பொருத்தியிருக்கான் பேபி. கேளு" என்று சிலிண்டரை அவள் காதருகே வைத்துச் சுழற்றினார். கடிகாரத்துக்குள் எண்ணெய் ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். பிடியின் வால்நட் கட்டையைத் தன் உள்ளங்கைக்கு ஏற்றபடி அவரே மாதக்கணக்கில் அரத்தால் ராவினார். விசையை அழுத்தினால் கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி இருக்கும் என்பார். பேபிக்குத் துப்பாக்கியில் ஆசை கிடையாது. ஆனால் அதைச் சுடும்போது அவர் முகத்தில் வருகிற அமைதியின் மேல் ஆசை இருந்தது. அதற்காகவே லீவு நாட்களில் அவருடன் சூட்டிங் ரேஞ்சுக்குப் போய், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள்.

அவருக்கு மறதி வந்து மூன்று வருஷம் ஆகிறது. குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். டாக்டர் சொல்வதற்கு முன்பே அது என்ன நோய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துப்பாக்கியை ஒப்படைத்துவிடு என்று பெங்களூரிலிருந்து ரேஷ்மா தினமும் போனில் சண்டை போட்டாள். தேர்தல் வந்தபோது அதற்கு ஒரு வழியும் பிறந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. கொடுத்தாள். அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

ஆனால் அது இல்லாத வீட்டில் அவர் பட்ட பாட்டை அவளால் பார்க்க முடியவில்லை. பீரோவைக் கலைத்தார், அரிசி டின்னைக் கவிழ்த்தார். அவளைத் திருடி என்றார். சோற்றைத் தள்ளிவிட்டு, குழந்தையைப் பறிகொடுத்தவர் மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தேர்தல் முடிந்ததும் பேபியே அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அன்றைக்கென்று அவர் தெளிவாக இருந்தார். துப்பாக்கி எண்ணைப் பார்க்காமலே சொன்னார். கையெழுத்தும் நேராக வந்தது. நோயைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீட்டில் இருந்த தோட்டா அத்தனையையும் அதற்கு முன்பே அவள் சூட்டிங் கிளப்பில் ஒப்படைத்திருந்தாள். தோட்டா இல்லாத துப்பாக்கி இரும்புதானே. லாக்கரில் பூட்டி வைத்து, கேட்டால் திறந்து காட்டி, துடைக்கக் கொடுத்து, திரும்ப வாங்கிப் பூட்டினாள். அவரும் சாந்தமானார். அந்தச் சாந்தத்துக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"இன்னாக்கா, வெளிய நிக்கிறீங்க?" பக்கத்து வீட்டு முனீர் மதில் மேலாக எட்டிப் பார்த்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவன். பேபி வெளியே போகிற நாட்களில் வந்து தனசிங்கோடு உட்கார்ந்து டிவி பார்ப்பவனும் அவன்தான். இன்றைக்கு அவனைக் கூப்பிட அவளுக்குச் சங்கடமாக இருந்தது. மீன் வாங்குகிற நேரம்தானே என்று விட்டுவிட்டாள்.

"முனீர், சத்தம் போடாத. சார் கையில துப்பாக்கி இருக்கு. என்னைத் தெரியல அவருக்கு."

"தோட்டாதான் இல்லியேக்கா. நீங்கதான சொன்னீங்க."

"இல்லதான். இருந்தாலும் பயமா இருக்கு."

"நான் பின்பக்கமா பூந்து கிச்சன் கதவத் தள்றேன். அந்தத் தாப்பா லூஸு. என்னைப் பார்த்தா சார் சிரிச்சிடுவாரு."

"வேணாம் முனீர். கொஞ்சம் இரு. நானே பேசிப் பாக்குறேன்."

அவள் மறுபடி சன்னல் பக்கம் திரும்புவதற்குள் அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மதில் ஏறிக் குதித்துவிட்டான். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஆள் ஒருவர் நடக்கிற சந்து. அவன் செருப்புச் சத்தம் அதன் வழியாகப் பின்னால் போவது கேட்டது. உள்ளே தனசிங்கும் அதைக் கேட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.

"முனீர், வந்துடு! வந்துடுப்பா!"

வெடிச்சத்தம் வீட்டைக் குலுக்கியது. தெருவில் காக்கைகள் மொத்தமாக எழும்பின. அதற்குப் பிறகு, "அல்லா" என்று முனீர் முனகுவது கேட்டது.

தோட்டா எங்கிருந்து வந்தது? எந்தக் கோட்டுப் பையில், எந்த மருந்து டப்பாவில் அவர் அதை எப்போது ஒளித்து வைத்தார்? பையிலிருந்த மீன் எப்போது கீழே விழுந்தது என்று பேபிக்குத் தெரியவில்லை.

சந்தின் முனையில் நின்று எட்டிப் பார்த்தாள். சமையலறை சன்னலுக்கு நேர் கீழே முனீர் சுவரில் சாய்ந்து கிடந்தான். வலது தொடையிலிருந்து ரத்தம் கைலியில் பரவிக்கொண்டிருந்தது. அவன் தலைக்கு மேலே, சன்னல் கம்பிகளுக்கு நடுவே, ரிவால்வரின் குழல் வெளியே தெரிந்தது.

"முனீர், என்னைப் பாரு. கைலித் துணியச் சுருட்டிக் காயத்து மேல வச்சு அழுத்து. பலமா. வலிச்சாலும் விடாத. நான் வரேன்."

ஓரடி வைத்தாள். குழல் அவள் பக்கம் திரும்பியது.

"அங்கயே நில்லுங்க" என்றார் தனசிங். குரலில் கோபமே இல்லை. "உள்ள என் வொய்ஃப் இருக்கா. கிட்ட வந்தீங்கன்னா சுட்டுடுவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தத் தூரத்தில் அவர் குறி தவறவும் தவறாது. பேபி அப்படியே நின்றாள். முனீரின் மனைவி நூர் பீவி தெருவிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பேபி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நூர் பீவி அவள் தோளில் அடித்தாள், கையைக் கடித்தாள். "வுடுக்கா, அவரு செத்துடுவாருக்கா, வுடு!" பேபி விடவில்லை.

போலீஸ் சீக்கிரமே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சுப்ரஜா, நாற்பது வயது இருக்கும், தெருவைக் காலி செய்ய வைத்தார். எதிர் வீட்டு மொட்டைமாடியில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையில் வந்து நின்றது. அந்தச் சந்துக்குள் போக யாருக்கும் வழியில்லை.

"உங்க ஹஸ்பெண்டோட துப்பாக்கில எத்தனை ரவுண்ட் தோட்டா போட முடியும்?"

"ஆறு. எத்தனை போட்டிருக்கார்னு தெரியாது."

"அவருக்குக் காது கேக்குமா? நாங்க சொன்னா புரியுமா?"

"கேக்கும். புரியாது."

"அம்மா, நான் ஒளிக்காம சொல்றேன். கீழ இருக்கறவரு ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு. எடுக்க ஆளுங்க போவாங்க. அப்ப உங்க ஹஸ்பெண்ட் துப்பாக்கியத் தூக்கினா, சுடறதத் தவிர எங்களுக்கு வேற வழி கிடையாது."

"ஒரு நிமிஷம் கொடுங்க மேடம். நான் பேசறேன்."

"உங்களையே தெரியலன்னு சொன்னீங்களே."

மொட்டைமாடியில் துப்பாக்கியைத் தயாராக்கும் சத்தம் கேட்டது. முனீரின் முனகல் நின்றுபோயிருந்தது. ரேஷ்மா பேர் சொல்லலாமா, பாட்டுப் பாடலாமா, அழலாமா? எதுவும் உள்ளே போகாது. தன்னைத் தெரிந்த ஆள் அந்த உடம்பில் இன்றைக்கு இல்லை. வேறு யார் இருக்கிறார்? தொப்பி போட்டு, துப்பாக்கி பிடித்து, காலை அகட்டி நிற்கிற ஒருவர்.

அப்போதுதான் அவள் காதில், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்ட ஒரு குரல் ஒலித்தது. போட்டியில் சுடுவதற்கும் நிறுத்துவதற்கும் உத்தரவு கொடுக்கிற ரேஞ்ச் ஆபீசர் குரல். அந்தக் குரல் வந்தால் எவ்வளவு பெரிய சூட்டராக இருந்தாலும் விரலை எடுத்தாக வேண்டும். தனசிங் ஒருநாளும் அதை மீறியதில்லை. மீறுகிறவர்களை அவர் மனுஷராகவே மதித்ததில்லை.

பேபி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுப்பதற்குள் சந்துக்குள் நடந்தாள். முதுகை நிமிர்த்தி, ஆஸ்பத்திரி வார்டில் கத்துகிற குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஸ்டாப்!"

குழல் அசையாமல் நின்றது. அவள் நெஞ்சுக்கு நேராக.

"ஸ்டாப் ஃபயரிங்! அன்லோட்!"

தனசிங்கின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில், இல்லாத ஒரு குறிப்பலகையைப் பார்த்தன. அவர் ஆள்காட்டி விரல் விசையிலிருந்து விலகி நேராக நீண்டது. குழல் உள்ளே இழுத்துக்கொண்டது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கிற அந்த மெல்லிய சத்தம் அவளுக்குக் கேட்டது. அதைத் தொடர்ந்து, சமையலறைக் கடப்பாக்கல் மேடை மேல் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக விழுந்து உருண்டன. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு, கூடவே சுடாத மூன்று.

"கன் டவுன். ஸ்டெப் பேக்."

திறந்த சிலிண்டரோடு துப்பாக்கியை மேடை மேல் வைத்து, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, இரண்டடி பின்னால் போய்க் கையை உயர்த்தினார்.

"கிளியர், மேடம்."

"கதவத் திறங்க."

அவர் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து வாசற்படியில் நின்றார். முகத்தில் அந்தப் பழைய அமைதி. இன்ஸ்பெக்டரும் ஆட்களும் பேபியைத் தாண்டி ஓடினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் முனீரைத் தூக்கினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் தனசிங்கின் கைகளைப் பிடித்துப் பின்னால் மடக்கினார்கள். அவர் அவர்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பேபியிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்:

"மேடம், நான் கிளம்பலாமா? என் வொய்ஃப் வெளிய வெயில்ல நிக்கிறா."

பேபி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

முனீர் பிழைத்துக்கொண்டான். தோட்டா எலும்பைச் சிதைத்திருந்தது. இரண்டு ஆபரேஷன் செய்தும் கால் பழையபடி மடங்கவில்லை. டயர் கடையில் குந்தி உட்கார முடியாதவன் இனி என்ன வேலை செய்வான்? ஆஸ்பத்திரி வராந்தாவில் பேபி பழத்தோடு போய் நின்றபோது நூர் பீவி பையைக் கையில் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேங்க்கா. சாருக்கு மூளை சரியில்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகினுதான அத வூட்ல வச்சிருந்தீங்க?"

"தோட்டா இல்லன்னு நெனச்சேன் நூரு."

"நீங்க நெனச்சீங்க. காலு எங்களுது போச்சு."

நூர் பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேபிக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டரிடம் முனீர் மட்டும், "சார் என்னைச் சுடல மேடம். வூட்டாண்ட வந்த திருடனைச் சுட்டாரு" என்றானாம். அது பேபிக்கு ஆறுதலாக இல்லை. நூர் பீவி சொன்னதே உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

கோர்ட்டில் டாக்டர் சர்டிபிகேட்டைப் பார்த்து, தனசிங்கை அரசு மனநல மருத்துவமனையில் வைத்துப் பரிசோதிக்கச் சொன்னார்கள். பிறகு, இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, எந்நேரமும் ஆள் இருக்கிற இடம் வேண்டும் என்று அங்குள்ள டாக்டர்கள் எழுதினார்கள். லைசென்ஸ் ரத்தானது. துப்பாக்கியை இனி கேட்க மாட்டோம் என்று பேபி எழுதிக் கொடுத்தாள். கேஸ் முடிந்ததும் அதை உருக்கிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் ராவிய அந்தக் கட்டைப் பிடியையும் சேர்த்தா என்று கேட்க நினைத்தாள்.

திருநீர்மலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில், அப்பா அம்மாவை இப்படி விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து, நான் செத்தாலும் இதைச் செய்ய மாட்டேன் என்று சொன்னவள் அவள். இப்போது அவளே அவருடைய வேட்டிகளில் பெயர் எழுதி, பெட்டியில் அடுக்கி, கூட்டிக்கொண்டு போனாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ரேஷ்மா வழியெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு மாதம் கழித்து, பேபி தனியாகப் போன ஒரு நாள். தனசிங் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு சுளையாக வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவளை நன்றியோடு பார்த்தார்.

"உங்களுக்கு வீடு எங்கம்மா?"

"இரும்புலியூர்."

"எங்க வீடும் அங்கதான்!" முகம் மலர்ந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "இங்க யாரும் என்னை விட மாட்டேங்கறாங்க. நீங்க போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன். தெருமுனையில இறக்கிவிட்டாப் போதும்."

பேபி ஆரஞ்சுத் தோலைக் கைக்குள் கசக்கினாள்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் எழுந்ததும் அவரும் எழுந்தார். கேட் வரைக்கும் கூடவே வந்தார். பணியாள் ஒருவர் அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கேட்டைச் சாத்தினார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நாளைக்கு வரீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேபி ஒவ்வொரு தடவையும் திரும்பி, வரேன், வரேன் என்றாள்.

தாம்பரம் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "எங்கம்மா?" என்றார். பேபி அவர் முகத்தையே பார்த்தாள். "எங்கம்மா போவணும்?" என்று அவர் மறுபடி கேட்டார். இரும்புலியூர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.